குழாய்த் தண்ணீர்: வீட்டில் கவனிக்க வேண்டியவை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் மிகுதி. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்தது. அந்த நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பிடிக்கும் வீடுகளுக்குச் சில குறிப்புகள்:

• ஃபுளோரைடு நிறத்திலோ மணத்திலோ தெரியாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; மாற்று நீர் இல்லாத இடத்தில் வரம்பு 1.5. குழந்தைகளின் பல்லில் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கோடு தென்பட்டால் நீரைச் சோதிக்க வேண்டும்.

• கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது; நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். ஆர்.ஓ. கருவி அதைக் குறைக்கும். குடிக்க மட்டுமல்ல, சோறு, குழம்புக்கும் அக்கருவியில் வடித்த நீரே நல்லது.

• கலங்கலோ சாக்கடை வாடையோ வந்தால் குழாயில் உடைப்பு இருக்கலாம். அதைக் குடிக்காமல் உள்ளாட்சி அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

• கிருமி அழிய, நீர் தளதளவென ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். மூடியே ஆறவிட வேண்டும்.

• லேசான குளோரின் வாடை கெடுதல் அல்ல. கிருமிநீக்கம் நடந்ததற்கு அடையாளம்.

• தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதிக்கலாம். ஃபுளோரைடு சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலே ஏற்றது.