அடியில் ஓடும் ஓசை

"இது பாட்டா, ஏச்சா?" என்று வாப்பா கேட்டார். உயர்தரத் தமிழுக்காகத் தொடை வகைகளைப் படித்துக்கொண்டே, கைத்தொலைபேசியில் ஓர் அமெரிக்க அல்பத்தை மெல்லிய ஒலியில் போட்டிருந்தேன். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இசை கேட்பது பற்றி நம் வீடுகளில் ஒரே கருத்து இல்லை என்பதும் தெரியும். அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. வாப்பாவின் கேள்விக்கு மட்டும் பதில் தேடினேன்.

அல்பத்தின் பெயர் 'த லோ எண்ட் தியரி'. நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் உருவான 'எ ட்ரைப் கோல்ட் குவெஸ்ட்' குழு 1991 செப்டெம்பரில் வெளியிட்டது. கியூ-டிப்பும் ஃபைஃப் டோக்கும் மாறி மாறிச் சொல்லிசைக்கிறார்கள். இசைத்தட்டுகளை இயக்குபவர் அலி ஷஹீத் முஹம்மத். பெயரிலேயே ஒரு சிலேடை இருக்கிறது. 'லோ எண்ட்' என்பது இசையின் அடியில் ஓடும் கனத்த ஓசை. சமூகத்தின் அடியில் தள்ளப்பட்ட கறுப்பின மக்களின் நிலையும் அதுதான்.

ஹிப்ஹொப் கலைஞர்கள் பழைய இசைத்தட்டிலிருந்து சில வினாடிகளை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அதன்மேல் சொற்களை வைப்பார்கள். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006இல் 'வல்லவன்' அல்பத்தில், 'நிழல்கள்' (1980) படத்துக்கு இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாடலை எடுத்துக்கொண்டது இந்த வழியில்தான். ட்ரைப் குழுவினர் ஜாஸிடம் போனார்கள்.

முதற்பாடலான 'எக்ஸ்கர்ஷன்ஸ்' தனித்த பேஸ் ஓசையோடு தொடங்குகிறது. அது ஆர்ட் பிளேக்கி குழுவின் 'எ சான்ட் ஃபோர் பு' என்ற இசையிலிருந்து எடுக்கப்பட்டது. யார் இந்த 'பு'? பிளேக்கியேதான். இந்த ஜாஸ் மேளக் கலைஞர் 1940களின் இறுதியில் இஸ்லாத்தைத் தழுவி, அப்துல்லாஹ் இப்னு புஹைனா என்ற பெயரை ஏற்றவர். இதை அறிந்தபோது எழுந்து போய் உம்மாவிடம் சொன்னேன். அதே பாடலில், மகன் கேட்கும் ஹிப்ஹொப் தன் காலத்து பீபொப் ஜாஸை நினைவூட்டுவதாகத் தந்தை சொல்வதும் வருகிறது.

இனிச் சொல்லமைப்பு. நம் எதுகையும் மோனையும் பெரும்பாலும் சீரின் தொடக்கத்தில் அமைபவை. றப்பில் மேலோங்குவது அடியிறுதி ஒன்றிவரும் இயைபு. ஆனால் கியூ-டிப் அதை அடியின் இறுதியிலேயே விட்டுவைப்பதில்லை. நடுவுக்கும் இழுத்து வருகிறார். தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கிச் சொல்லி, அடுத்த சொல்லில் ஓடிப்பிடிக்கிறார். காயல்பட்டினத்துக் காசிம் புலவரின் திருப்புகழை வாய்விட்டுப் படித்தவர்களுக்குச் சந்தம் நாவைத் தள்ளிக்கொண்டு போவது தெரியும். இங்கே நாவு தாளத்தோடு கண்ணாமூச்சி ஆடுகிறது.

'வேர்சஸ் ஃப்ரொம் த அப்ஸ்ட்ராக்ட்' பாடலில் ஜாஸ் மேதை ரொன் கார்ட்டரே டபிள் பேஸ் வாசிக்கிறார். ஆளுயரத்தையும் மிஞ்சும் தந்தி வாத்தியம் அது. கெட்ட வார்த்தை கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவர் சம்மதித்தார் என்பார்கள். அல்பத்தின் வேறு சில பாடல்களில் அத்தகைய சொற்கள் உண்டு. அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன்.

வாப்பாவுக்கு ஏன் ஏச்சாகக் கேட்டது என்பது பிறகுதான் விளங்கியது. கைத்தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் தாழ்ந்த ஓசைகளை எழுப்ப முடியாது. பேஸ் முழுவதும் விழுந்துபோய், வேகமாகப் பேசும் குரல் மட்டும் மிஞ்சுகிறது. அதாவது, இந்த அல்பத்தில் பாதி அவர் காதுக்குப் போகவேயில்லை.

அடுத்த வெள்ளி இரவு ஹெட்செட்டை அவர் காதில் மாட்டி, கார்ட்டர் வாசித்ததைப் போட்டேன். முழுவதும் கேட்டார். நோன்பு காலத்தில் சஹருக்கு எழுப்ப றபான் தட்டி வரும் பாவாவை நினைத்துக்கொண்டார்.

"தூரத்துல வரக்குள்ள றபான் சத்தம்தான் கேக்கும். பைத்துல என்ன சொல்றாரெண்டு வாசலுக்கு வந்தாத்தான் விளங்கும்" என்றார். ஹெட்செட்டைக் கழற்றித் தரும்போது, "அந்தக் கெட்ட வார்த்தைப் பாட்டுகள மட்டும் தாண்டி விடுங்க மகள்" என்றார்.