அட்டவணையா, பத்தியா, வரைபடமா? ஊர்ப் பொதுத் தாளை எழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது உட்கார்ந்திருக்கிறீர்களா? தெருவிளக்குக்கு இவ்வளவு, மோட்டார் பழுதுக்கு இவ்வளவு, பிளீச்சிங் பவுடருக்கு இவ்வளவு என்று ஒரே மூச்சில் போகும். கேட்பவர் காதில் கடைசித் தொகை மட்டும் தங்கும். அதே கணக்கைக் கட்டம் போட்டு எதிரே மாட்டிவிட்டால், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "எங்க தெருவுக்குப் போட்ட மோட்டாரு இதுல எத்தனாவது வரிசைங்க?" என்று கேட்க முடியும். பொதுத் தாளுக்கு அழகு என்று நான் நினைப்பது இதைத்தான். படிப்பவர் தன் கேள்விக்குரிய இடத்தில் விரல் வைக்க முடிய வேண்டும். வண்ணமும் கட்டமும் தடித்த எழுத்தும் அதற்கு உதவினால் வைத்துக்கொள்ளலாம், உதவாவிட்டால் எடுத்துவிடலாம்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபை 2022-இல் ஆறானது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கம்மாபுரம் ஒன்றியத்தில் ஊராட்சி வேலை பார்ப்பவர்களுக்கும் ஒவ்வொரு முறையும் ஊர் முன் வைக்க ஒரு தாள் தேவைப்படும். பக்கத்தில் விருத்தாசலம். அங்கே பீங்கான் பட்டறைகளில் சூளைக் குறிப்பு, கிளேஸ் என்னும் மெருகுப் பூச்சுக்கான கலவைக் குறிப்பு என்று பல கைக்கு மாறும் தாள்கள் வேறு. இந்த இரண்டு வகையையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பத்தியா, அட்டவணையா?

ஒரே கேள்வியைப் பல பொருள்களிடம் கேட்கிறீர்கள் என்றால் அட்டவணை போடுங்கள். எந்த வேலை, எந்தத் தெரு, எவ்வளவு செலவு, முடிந்ததா என்ற நான்கு கேள்வியும் இருபது வேலைகளுக்கும் பொது. இதைப் பத்தியாக எழுதினால் இருபது தடவை அதே சொற்கள் வரும். படிப்பவர் பாதியில் தாளை மடித்துவிடுவார்.

ஒரே பொருளிடம் 'ஏன்' என்று கேட்டால் பத்திதான் சரி. குளம் தூர்வாரும் வேலைக்கு மதிப்பீட்டைவிடச் செலவு கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கான காரணத்தை அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் 'கூடுதல் செலவு' என்று இரண்டு சொல்லில் அடைத்தால் சந்தேகம்தான் வளரும். நடுவில் மழை வந்தது, பொக்லைன் மறுபடி வாடகைக்கு எடுக்கப்பட்டது, அதனால் இத்தனை நாள் கூடியது என்று நான்கு வரி எழுதுங்கள். காரணம் தொடராக வரும்போதுதான் நம்பவோ மறுக்கவோ முடியும்.

தீர்மானங்களுக்கு வெறும் புள்ளி வைக்காமல் எண் போடுங்கள். கூட்டத்தில் யாரும் 'மூன்றாவது புள்ளி' என்று பேசுவதில்லை, 'ஏழாம் தீர்மானம்' என்றுதான் பேசுவார்கள்.

கிளேஸ் கலவைக்கும் அட்டவணைதான். ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், சைனா கிளே, சுண்ணாம்புக்கல் மாவு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, எதிரே சதவீதம், அடியில் கூட்டுத்தொகை 100. அந்தக் கடைசி வரிதான் காவல்காரன். படியெடுக்கும்போது ஒரு எண் பிசகினால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும். பத்தியாக எழுதிய கலவைக் குறிப்பில் இந்தக் காவல் கிடையாது. பிசகு சூளையைத் திறக்கும்போதுதான் தெரியவரும்.

அட்டவணை என்று முடிவானபின் சில சின்ன விஷயங்கள் மிச்சம் இருக்கின்றன. எண்களை வலப்பக்கம் ஒட்டி நிறுத்துங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக இலக்கம் நிற்கும். 'ரூபாய்' என்பதைத் தலைப்பில் ஒரே முறை எழுதினால் போதும். கணினி தானாகப் போடும் கமாவைக் கவனியுங்கள். 1,234,567 என்று அது போட்டால் 12,34,567 என்று மாற்றுங்கள். லட்சத்தில் எண்ணிப் பழகிய கண்ணுக்கு முதல் வடிவம் ஒரு நொடி தடுமாற்றம் தரும்.

வரிசைமுறை இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலம் எடுப்பது பல ஆண்டாகப் பேச்சாக இருக்கும் பகுதி இது. சர்வே எண் பட்டியல் வந்தால் தன் எண் அதில் இருக்கிறதா என்றுதான் ஒவ்வொருவரும் தேடுவார்கள். எக்செல்லில் வரிசைப்படுத்தினால் 112/10 முன்னால் வந்து 112/2 பின்னால் போய்விடும், ஏனென்றால் கணினி அதை எண்ணாகப் பார்க்காமல் எழுத்தாகப் பார்க்கிறது. உட்பிரிவைத் தனி நிரலாகப் பிரித்துவிட்டு வரிசைப்படுத்துங்கள். தன் நிலத்தைத் தேடி வருபவரை இரண்டு பக்கம் அலையவிடுவது பெரிய கொடுமை.

வரைபடம் எப்போது?

வில்லியம் பிளேஃபேர் 1786-இல் கோட்டு வரைபடத்தையும் பட்டை வரைபடத்தையும் அச்சிட்டார். 1801-இல் அவரே வட்ட வரைபடத்தையும் கொண்டுவந்தார். வட்டம்தான் பார்க்க அழகு, அதனால் எல்லா அறிக்கையிலும் ஏறிக்கொள்கிறது. ஆனால் 1984-இல் கிளீவ்லாண்ட், மக்கில் என்ற ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகளில், ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் உயரங்களைக் கண் சரியாக ஒப்பிட்டது, கோணங்களை ஒப்பிடுவதில் அதிகம் தவறியது. ஆகவே போன ஆண்டு வரி வசூலையும் இந்த ஆண்டு வரி வசூலையும் ஒப்பிடப் பட்டை போதும். வட்டம் வேண்டாம் என்பது என் கட்சி.

செலவுக் கணக்குக்கு வரைபடமே பெரும்பாலும் தேவையில்லை. தன் தெருவைத் தேடி வருபவருக்குப் பட்டையில் என்ன கிடைக்கும்?

சூளைக் குறிப்பு நேர்மாறு. மணிக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே போனால் நீளமான எண் பட்டியல் கிடைக்கும். அதில் ஆபத்து கண்ணில் படாது. களிமண்ணில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது. சூடேறும்போது அங்கே திடீரென விரியும், ஆறும்போது திடீரெனச் சுருங்கும். அந்த இடத்தை வேகமாகக் கடந்தால் பாண்டம் விரிசல் விடும். நேரத்தைக் கிடையாகவும் வெப்பத்தைச் செங்குத்தாகவும் போட்டுக் கோடு வரைந்து, 573-இல் குறுக்கே ஒரு மெல்லிய கோடு இழுங்கள். வெப்பம் அந்தக் கோட்டைச் சரிவாகத் தாண்டியதா, செங்குத்தாக விழுந்ததா என்பது அடுத்த ஷிப்டுக்கு வருபவருக்குப் பார்த்ததும் விளங்கும்.

தமிழ் எழுத்துக்கு எது ஒத்துவரும்?

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும், ஊர்த் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டினார்கள். அதுவும் ஊர்ப் பொது ஆவணம்தான். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, புள்ளிகளும் பெரும்பாலும் கிடையாது. பழகியவர்கள் மட்டுமே சரளமாக வாசித்திருக்க முடியும். இன்று அவரவர் கண்ணால் அவரவர் படிக்கிறோம். இடைவெளிதான் நமக்குக் கிடைத்த முதல் அலங்காரம். பத்திகளுக்கு நடுவே ஒரு வரி விடுவதற்குப் பணமும் செலவில்லை.

ஆங்கிலத்தில் அழுத்தம் கொடுக்கப் பெரிய எழுத்தும் சாய்வெழுத்தும் உண்டு. தமிழில் பெரிய எழுத்து என்று ஒன்று இல்லை. சாய்வெழுத்து நம் மரபில் இல்லை, கணினி எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவுதான். அடிக்கோடும் வேண்டாம். து, ழு, ஞ போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியை அது வெட்டிக்கொண்டு போகும். மிச்சம் இருப்பவை தடித்த எழுத்து, அளவு, இடம், பெட்டி, வண்ணம். தடித்த எழுத்தைச் சின்ன அளவில் வைத்தால் ண-வும் ன-வும் ஒன்றோடொன்று குழம்பும். பக்கத்துக்கு ஒன்றிரண்டு இடம் போதும்: கூட்டத் தேதி, கடைசி நாள், மொத்தத் தொகை. இருபக்கமும் சமன் செய்வதையும் தவிர்க்கலாம். நம் நீளச் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டை விழும். இடப்பக்கம் ஒட்டியே விடுங்கள்.

வண்ணத்தை எடுப்பதற்கு முன் அந்தத் தாள் ஜெராக்ஸ் கடைக்குப் போகுமா என்று யோசியுங்கள். அங்கே சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். சிலருடைய கண்ணுக்கு அந்த இரண்டும் இயல்பாகவே ஒன்றுபோல்தான் தெரியும். 'முடிந்தது', 'நிலுவை' என்று சொல்லையும் எழுதிவிட்டுப் பிறகு வண்ணம் தீட்டுங்கள்.

போனிலா, சுவரிலா?

வாட்ஸ்அப்பில் அனுப்பும் தாளை யூனிகோடில் அடியுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். ஏ4 அளவு பிடிஎஃப் அச்சுக்கு நல்லது, போனில் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்க வேண்டும். படமாக அனுப்பினால் எல்லாப் போனிலும் தெரியும், ஆனால் அதில் தேட முடியாது. பார்வையில்லாதவருக்குப் போன் வாசித்தும் காட்டாது. என் தேர்வு: கூட்ட அறிவிப்பை வெறும் செய்தியாகவே அனுப்புங்கள். கணக்கை மூன்று நிரலுக்கு மிகாத அட்டவணையாக்கிப் பிடிஎஃப்பில் அனுப்புங்கள்.

போன் இல்லாதவர்களுக்குச் சுவர் இருக்கிறது. கணக்கை ஊர் நடுவே கொண்டுவருவது புதிதும் அல்ல. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்கள் விசாரணை நடத்தியபோது, ஊராட்சி வேலைகளின் ஆவணங்கள் ஊரார் நடுவே உரக்க வாசிக்கப்பட்டன. தகவல் உரிமைக்கான போராட்டத்தில் அது ஒரு பெரிய திருப்பம். 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(4) பிரிவு, தகவலைப் பரப்பும்போது உள்ளூர் மொழியையும் அந்த இடத்துக்கு ஏற்ற வழியையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது.

ஃபிளெக்ஸ் சீக்கிரம் தயாராகும், வெயிலில் வெளுக்கும், பிறகு யாராவது கூரைக்குப் போட எடுத்துப் போவார்கள். சுவரெழுத்துக்குக் கூடுதல் நாள் பிடித்தாலும் நிலைத்து நிற்கும். சுவரில் எழுதினால், நிற்கும் பெண்ணின் கண்மட்டத்தில் எழுதுங்கள். மொத்தத் தொகையை மேலே வையுங்கள், அடியில் வைத்தால் சைக்கிளும் மூட்டையும் மறைத்துவிடும். கடைசியில் 'முடிந்த தேதி' என்று ஒரு காலி நிரல் விட்டுவிட்டு, வேலை முடிய முடியப் பெயின்டால் எழுதிவாருங்கள். அந்தப் பக்கம் தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்கள் முதலில் பார்ப்பது இன்னும் காலியாக இருக்கும் கட்டங்களைத்தான்.