இரகசியம் இல்லாத பொருளுக்கு முதல் போடுவது யார்?

மடவளை பஸாரில் மின்சாரச் சாமான் வியாபாரம் செய்யும் எனக்கு வாப்பா சொல்லித் தந்த முதல் பாடம், "தொழில் இரகசியத்தை வெளியே விடாதே" என்பதுதான். புறக்கோட்டையில் எந்தக் கடையில் சாமான் எடுக்கிறோம் என்பதைக்கூட அடுத்த கடைக்காரருக்குச் சொல்ல மாட்டோம். அப்படி வளர்ந்த என்னிடம் 2021ஆம் ஆண்டின் கடைசியில் எமதூர் இளைஞர் ஒருவர் ஒரு சிறிய சேர்க்கிட் பலகையைக் கொண்டு வந்தார்.

முட்டை பொரிக்கும் பெட்டிக்கான பலகை அது. கோழி முட்டை பொரிக்க 21 நாட்களும் ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். கரண்ட் போனால் முட்டை பழுதாகிவிடும். இந்தப் பலகை வெப்பத்தை அளவாக வைத்திருப்பதோடு, கரண்ட் போனதும் தானாகவே பெட்டரிக்கு மாறும். மடவளை, வத்தேகம, தெல்தெனிய பக்கங்களில் வீட்டில் கோழி வளர்க்கும் பெண்களுக்கு உதவும் என்று எனக்கும் பட்டது. ஒன்றரை இலட்சம் ரூபா முதல் கேட்டார்.

"நல்ல சாமான்தான் மகன். வேறு யாரும் கொப்பி பண்ணாமல் பார்த்துக்கொள்" என்றேன்.

"இல்ல மாமா, இதுட படத்தையும் சாமான் பட்டியலையும் எல்லாருக்கும் சும்மா குடுக்கப் போறேன். யாரும் செய்யலாம், விக்கலாம்."

"அப்ப நான் எதுக்கு முதல் போடணும்?"

அவரிடம் பதில் இருக்கவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் நான் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அதற்கான விடையைத் தேடிப் படித்ததையும் அந்த இளைஞருக்கு நடந்ததையும் இந்த வாரம் பாடமாகத் தருகிறேன்.

திறந்த வன்பொருள் என்றால் என்ன?

ஒரு கருவியின் சேர்க்கிட் படம், உதிரிப்பாகப் பட்டியல், பொருத்தும் முறை ஆகிய அனைத்தையும் பகிரங்கமாக வெளியிட்டு, யாரும் படிக்கலாம், திருத்தலாம், செய்யலாம், விற்கலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுப்பதே திறந்த வன்பொருள். இதற்கென எழுதப்பட்ட உரிமங்கள் உண்டு. ஐரோப்பிய அணு ஆய்வு நிலையமான சேர்ன் 2011இல் ஒன்றை வெளியிட்டு, 2020இல் அதனைத் திருத்தியது.

படம் இலவசம் என்பதால் பொருளும் இலவசம் என்று நினைக்கக் கூடாது. எமது வீடுகளில் வட்டிலப்பம் செய்யத் தெரியாதவர் குறைவு. ஆனாலும் கலியாண வீட்டு ஓடர் ஒரு சிலருக்குத்தான் போகிறது. செய்முறை எல்லோருக்கும் சொந்தம். கைப்பக்குவமும் நம்பிக்கையும் செய்பவருக்குச் சொந்தம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கருவியைக் கண்டுபிடிக்கும்போது பல தடவை பிழைக்கும், பலகைகள் எரியும், மாதங்கள் கழியும். அது வடிவமைப்புச் செலவு. இரகசியமாக வைத்தால் அந்தச் செலவை விற்பனை விலையில் ஏற்றி மீட்டுக்கொள்ளலாம். பகிரங்கமாக்கினால் மீட்க முடியாது. ஏனெனில் கொப்பி பண்ணுபவருக்கு அந்தச் செலவு இல்லை. அவர் அதனைச் சேர்க்காமலே விலை போடுவார். அப்படியானால் அந்தச் செலவை யார் ஏற்பது? இந்தக் கேள்வியோடு 4 உதாரணங்களைப் பார்ப்போம்.

பெங்களூர் தந்த படிப்பினை

எமது பிராந்தியத்தில் இந்த முயற்சியை முதன்முதலில் பெரிதாகச் செய்தவர்கள் பெங்களூர்காரர்கள். ஏழைக் கிராமவாசிகளுக்கு மலிவான கையடக்கக் கணனி என்ற யோசனை 1998இல் அங்கு பிறந்தது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர் முதலானோரும், என்கோர் என்ற மென்பொருள் கம்பனியின் வினய் தேஷ்பாண்டே முதலானோரும் சேர்ந்து 1999இல் இலாப நோக்கற்ற ஒரு டிரஸ்டை அமைத்தார்கள். கருவியின் பெயர் சிம்பியூட்டர். ஒரே கருவியைக் கிராமத்தில் பலர் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் தமது விபரங்களைத் தனித்தனி ஸ்மார்ட் கார்டில் வைத்துக்கொள்ளலாம்.

மென்பொருளுக்கு இருந்த திறந்த உரிமத்தைப் போன்று வன்பொருளுக்கும் ஓர் உரிமத்தை எழுதினார்கள். படத்தை யாரும் பெறலாம். அதனைத் திருத்தி விற்கும் கம்பனி முதல் ஓராண்டு தன் திருத்தத்தை வைத்துக்கொள்ளலாம்; பின்னர் பொதுவில் விட வேண்டும். உற்பத்திக்கு முன்வரும் கம்பனி டிரஸ்டுக்கு ஒரு தடவை கட்டணம் செலுத்த வேண்டும். நியாயமான ஏற்பாடாகவே எனக்குப் படுகிறது.

2001இல் மாதிரிக் கருவி வெளிவந்தபோது உலகமே பேசியது. ஆனால் அரசாங்க நிறுவனமான பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் தயாரித்த 'அமிடா' சிம்பியூட்டர் சந்தைக்கு வந்தது 2004 மார்ச் மாதத்தில்தான். விலை சுமார் 10,000 இந்திய ரூபாவில் தொடங்கி அதன் இருமடங்கு வரை சென்றது. அதற்குள் கைத்தொலைபேசி மலிந்துவிட்டது. பெரிய ஓடர்கள் எதிர்பார்த்தபடி வரவில்லை. சில ஆயிரம் கருவிகளோடு கதை முடிந்தது.

வியாபாரியாக நான் பார்ப்பது இதுதான்: படத்தைத் திறந்து விட்டார்கள், ஆனால் செலவுகளை உரிமக் கட்டணத்தாலும் விற்பனையாலும் மீட்க வேண்டிய நிலையில் நின்றார்கள். முன்கூட்டியே பணம் கட்டி எடுக்கும் சிறிய வாங்குவோர் கூட்டமும் அவர்களுக்கு இருக்கவில்லை. பெரிய ஓடருக்காகக் காத்திருப்பவனின் முதல் கரைந்துவிடும் என்பது பஸாரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

இத்தாலியில் நடந்தது

சிம்பியூட்டர் சந்தைக்கு வந்து ஒரு வருடத்தின் பின், 2005இல், இத்தாலியின் ஐவ்ரியா நகரிலுள்ள ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் 'ஆர்டுயினோ' என்ற பலகை உருவானது. மாணவர்கள் சுலபமாகக் கருவிகள் செய்து பழகுவதற்கான மலிவான பலகை அது. மாசிமோ பன்சி என்ற ஆசிரியரும் அவரது சகாக்களும் செய்தார்கள். அதற்கு முன்னரே அக்கல்லூரி மாணவர் எர்னாண்டோ பர்ரகான் தன் பட்டப்படிப்புக்காகச் செய்த வேலை அதற்கு அடித்தளமாக அமைந்தது. கல்லூரி மூடப்படும் நிலை வந்தபோது, தமது உழைப்பு அதனோடு புதைந்து போகக் கூடாது என்று படத்தைப் பகிரங்கமாக்கினார்கள்.

கவனியுங்கள்: இங்கே வடிவமைப்புச் செலவின் பெரும்பகுதி ஏற்கனவே கட்டப்பட்டுவிட்டது. டெலிகொம் இத்தாலியா போன்ற கம்பனிகள் உருவாக்கிய கல்லூரி அது. எனவே பலகையின் விலையில் உற்பத்திச் செலவும் நியாயமான இலாபமும் இருந்தால் போதுமாக இருந்தது. பெயரை மட்டும் வர்த்தகச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். சீனாவில் அதே பலகையை மலிவாகச் செய்கிறார்கள். அது உரிமத்தின்படி சரியே. ஆனால் அந்தப் பெயரைப் போட்டு விற்க முடியாது. 2025இல் குவால்கொம் கம்பனி ஆர்டுயினோவை வாங்குவதாக அறிவித்தது. ஆனாலும் ஏற்கனவே வெளியிட்ட படங்களை எவரும் திரும்பப் பூட்டிவிட முடியாது.

நன்கொடையில் நடக்கும் கால்

மூன்றாவது உதாரணம் எமது நாட்டுக்கும் நன்கு தெரிந்தது. 1968இல் ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேதியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் இறப்பரால் செய்த செயற்கைப் பாதத்துக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. யாரும் செய்யலாம். 1975இல் டி. ஆர். மேத்தா ஆரம்பித்த தொண்டு நிறுவனம் நன்கொடைகளையும் அரசாங்க உதவியையும் கொண்டு அதனை இலவசமாகப் பொருத்தி வருகிறது. 1980களில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் 'ஜெய்ப்பூர் கால்' பட்டறைகள் தொடங்கின. யுத்தத்தில் கால் இழந்த எத்தனையோ பேர் அதனால் எழுந்து நடந்தார்கள். படம் பூட்டப்பட்டிருந்தால் யாழ்ப்பாணத்திலேயே அதனைச் செய்வது இவ்வளவு இலகுவாக இருந்திருக்காது.

முற்பணம் ஓர் அமானிதம்

நான்காவது உதாரணம் பொதுமக்களிடம் முற்பணம் திரட்டுவது பற்றியது. 2014இல் 'மைக்ரோவியூ' என்ற சிறு பலகைக்கு கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 25,000 டொலர் கேட்டார்கள். 5 இலட்சத்து 70 ஆயிரம் டொலருக்கு மேல் வந்தது. உற்பத்தி செய்தது அமெரிக்காவின் ஸ்பார்க்ஃபன் கம்பனி. அவசரத்தில் ஏறத்தாழ 2,000 பலகைகள், உள்ளே போட வேண்டிய ஆரம்ப மென்பொருள் இல்லாமலே போய்ச் சேர்ந்தன. கம்பனி தன் தவறைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, தன் செலவில் மாற்றிக் கொடுத்தது. பணம் கூடுதலாக வருவது வெற்றி அல்ல. பொறுப்புக் கூடுவதுதான் என்பது இதன் பாடம்.

எமக்கு இது புதிய விடயமும் அல்ல. ஒரு பொருளைச் செய்து தரும்படி முன்கூட்டியே ஒப்பந்தம் செய்வதை எமது வணிகச் சட்டத்தில் 'இஸ்திஸ்னாஃ' என்கிறோம். பொருளின் தன்மையும் விலையும் ஐயமில்லாமல் சொல்லப்பட வேண்டும். ஒப்படைக்கும் தவணையையும் எழுதிக்கொள்வது நல்லது. விரிவான சட்டங்களை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எமதூர் இளைஞரின் கணக்கு

இனி அந்த இளைஞரிடம் வருவோம். நான் கைவிட்ட பின் அவர் வீடு வீடாகப் போய் 40 பேரிடம் தலா 4,500 ரூபா முற்பணம் வாங்கினார். மொத்தம் 1,80,000 ரூபா. ஒரு பலகையின் செலவு 3,400. 40 பலகைக்கு 1,36,000. மீதி 44,000 தன் கூலி என்று நினைத்தார்.

முதல் பிழை இங்கே. பழுதாகிப் போன மாதிரிப் பலகைகளுக்கு 35,000 ரூபா செலவாகியிருந்தது. அதனையும் வாங்குவோரின் முற்பணத்திலிருந்தே எடுத்தார்.

22 பலகைகளைக் கொடுத்து முடித்த நேரத்தில் 2022 மார்ச் வந்தது. 203 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டையும் பார்த்தோம். பலகை மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் உதிரிப்பாகம் வாங்க வழியில்லை. ஒரு பலகையின் செலவு 5,900 ஆகிவிட்டது. மீதி 18 பலகைக்கு 1,06,200 வேண்டும். கையில் இருந்தது 70,200. குறைவு 36,000. முற்பணம் ரூபாவில், சாமான் டொலரில். இது இரண்டாவது பிழை.

பணம் கொடுத்தவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அவர் பஸார் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். அவரது உம்மா ஒருநாள் கடைக்கு வந்து, "மகன் களவெடுக்கல்ல தம்பி" என்று சொன்னது இன்னும் காதில் கேட்கிறது.

வழி திறந்தது அந்தத் திறந்த படத்தினால்தான். படத்தைப் பார்த்திருந்த அக்குறணை ரிப்பெயார்காரர் ஒருவர், இலக்கம் காட்டும் சிறு திரைக்குப் பதிலாக 3 சிறு பல்புகள் போதும் என்றும், பழைய போன் சார்ஜரின் உட்பாகத்தைப் பயன்படுத்தலாம் என்றும் திருத்தி அனுப்பினார். செலவு 4,400க்கு இறங்கியது. 18 பலகைக்கு 79,200. குறைவு 9,000 மட்டும். ஒன்றரை இலட்சம் கேட்டபோது கொடுக்காத நான், அந்த 9,000ஐக் கர்ழன் ஹஸனாவாகக் கொடுத்தேன். 40 பலகையும் போய்ச் சேர்ந்தது. கூலி என்று அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனால் பெயர் மிஞ்சியது.

பாடத்தின் சுருக்கம்

1. வடிவமைப்புச் செலவுக்கு நன்கொடை அல்லது மானியம் தேடுங்கள். அதன் பலன் எல்லோருக்கும் போவதால், அதனை எல்லோரும் சேர்ந்து சுமப்பதே நியாயம். நெதர்லாந்தின் என்எல்நெட் போன்ற நிறுவனங்கள் 5,000 முதல் 50,000 யூரோ வரை இவ்வாறான வேலைகளுக்கு மானியம் வழங்கி வந்திருக்கின்றன. வேலையின் ஒவ்வொரு கட்டமும் முடிந்த பின்பே அந்தக் கட்டத்துக்குரிய பணம் வரும்.

2. முற்பணத்தை உதிரிப்பாகத்துக்கும் உற்பத்திக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். மாதிரி சரியாக வேலை செய்யும் வரை ஒரு சதமும் வாங்காதீர்கள். வாங்கிய அன்றே டொலர் சாமானை வாங்கிவிடுங்கள்.

3. பத்துக்கு ஒன்று பழுதாகும் என்று வைத்து விலை போடுங்கள். உங்கள் கூலியையும் விலையில் எழுதுங்கள்.

4. படத்தைத் திகதியோடும் உரிமத்தோடும் வெளியிடுங்கள். பின்னர் இன்னொருவர் தன் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை கேட்டால், அதுவே உங்கள் சாட்சி. பெயரை மட்டும் உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. வியாபாரியின் இலாபம் இரகசியத்தில் இல்லை. சாமானைக் கையிருப்பில் வைப்பது, உத்தரவாதம் கொடுப்பது, பழுது பார்ப்பது ஆகியவற்றில் இருக்கிறது.

எமது ஊர்களில் பள்ளி நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நல்ல காரியங்களுக்கு எவ்வளவோ செலவிடுகின்றன. அன்று அந்த 35,000 ரூபாவை யாராவது திரும்பக் கேட்காத உதவியாகக் கொடுத்திருந்தால், மாதிரி பழுதானதற்காக அந்தப் பிள்ளை வாங்குவோரின் காசில் கை வைத்திருக்க மாட்டார். முகத்தை மறைத்துத் திரிந்திருக்கவும் மாட்டார். வருடத்துக்கு ஒரு பிள்ளையின் ஒரு கருவிக்கு இப்படி ஒரு நிதியை ஒதுக்கினால் என்ன? நிபந்தனை ஒன்றே ஒன்று: படம் எல்லோருக்கும் பொதுவாக வேண்டும்.

"அப்ப நான் எதுக்கு முதல் போடணும்?" என்று அன்று கேட்டேன். இப்போது அந்தப் பலகையின் படத்தை என் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். யாரும் வந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அதற்குரிய உதிரிப்பாகங்களை அதே கடையில் நான் விற்கிறேன்.