மழைநீரை மண்ணுள் செலுத்தும் முறை

2005ஆம் ஆண்டு ஜூலை 26-27இல் மும்பை சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. நகரின் பழைய வடிகால்களோ மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்கென அமைந்தவை; கடல் ஏற்றத்தின்போது அவற்றில் நீர் வடியாது.

100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்யின் 2,500 லிட்டர் நீர் வழியும். 10 மீட்டர் நீளமும், 1 மீட்டர் அகலமும் ஆழமும் உடைய அகழியில் கருங்கல் ஜல்லியை நிரப்பினால், இடுக்குகளில் ஏறக்குறைய 4,000 லிட்டர் தங்கும். அகழிக்கு முன்னுள்ள புல் வாய்க்கால் நீரின் வேகத்தைத் தணித்து வண்டலைத் தடுக்கும்.

தாராவி போன்ற தாழ்நிலத்தில் நிலத்தடி நீர் மேலெழுவதால் அகழி பயன் தராது. மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் மேடான திடல்களிலும் பூங்காக்களிலும் குழி தோண்டி, ஊற்றிய நீர் வடியும் நேரத்தை முதலில் அளத்தல் வேண்டும். இவை பெருவெள்ளத்தைத் தடுக்கமாட்டா; அன்றாட மழையால் வடிகால்களுக்கு நேரும் சுமையைக் குறைக்கும்.