பிரிட்டனுக்குக் காரையும் கொண்டுபோகிறவர்களுக்கு

ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் பிரான்சிலும் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு லண்டன் பக்கம் குடிபெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இன்றும் போகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுச் சாமான்களோடு காரையும் கொண்டுபோக நினைப்பது இயல்பு. பிரெக்சிட்டுக்குப் பிறகு அந்த வேலை கூடிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள்; உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் கூடியிருக்கிறது என்பதில்தான் பலரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். எஞ்சின் ஆயில் மாற்றி, பிரேக் பார்த்து, டயர் புதிதாகப் போட்டு காரைத் தயார் செய்கிறார்கள். அது நல்ல காரியம், ஆனால் தடங்கல் அங்கே வருவதில்லை. இந்தக் கார் எந்த விதிகளின்படி கட்டப்பட்டது, அதற்கு என்ன எழுத்துச் சான்று இருக்கிறது என்பதுதான் பிரிட்டனில் கேட்கப்படும் கேள்வி. அதற்கான பதிலில் பெரும்பகுதி கார் புறப்படும் நாட்டில்தான் கிடைக்கும். ஆகவே உழைப்பின் பெரும்பங்கைக் கப்பலுக்கு முன்பே செலவழித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐரோப்பாவில் ஒரு மாடலை விற்க வேண்டுமானால் தயாரிப்பாளர் அதன் மாதிரியைச் சோதனைக்குக் கொடுத்து வகை அங்கீகாரம் வாங்க வேண்டும். அதன் பிறகு அந்த வகையில் வெளிவரும் ஒவ்வொரு காருக்கும், சேசிஸ் நம்பர் போட்டு, ஒரு இணக்கச் சான்றிதழ் உண்டு. எல்லோரும் சிஓசி என்று சொல்வது இதைத்தான். காரில் ஒட்டியோ அடித்தோ இருக்கும் தயாரிப்பாளர் தகட்டில் சின்ன 'e' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும்: 1 என்றால் ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து வழங்கிய அங்கீகாரம். பத்து வயதுக்குக் குறைந்த, ஐரோப்பிய அங்கீகாரம் பெற்ற, இடப்பக்க ஸ்டியரிங் காருக்கு பிரிட்டன் ஒரு சலுகை வழி வைத்திருக்கிறது. காரை முழுச் சோதனைக்குக் கொண்டுபோகாமல், தேவையான மாற்றங்களைச் செய்து, அவற்றை ஆவணங்களால் நிரூபித்து, விசிஏ என்ற வாகனச் சான்றளிப்பு நிறுவனத்திடம் விண்ணப்பிக்கும் வழி அது. வளைகுடாவிலோ ஜப்பானிலோ அந்த ஊர்ச் சந்தைக்கென்று கட்டிய காருக்கு இந்த வழி கிடையாது. அது ஐவிஏ என்னும் தனிவாகனச் சோதனைக்கு நேரில் போக வேண்டும். பெயரும் உருவமும் ஒன்றாக இருக்கும் இரண்டு கார்களை இந்தத் தகடு ஒன்றே பிரித்துவிடுகிறது. சிஓசி தொலைந்திருந்தால் தயாரிப்பாளரிடம் சேசிஸ் நம்பர் கொடுத்து, பணம் கட்டி, மறுபடி வாங்கலாம்.

மாற்ற வேண்டியவை மூன்று. ஸ்பீடோமீட்டர் மைல் கணக்கில் காட்ட வேண்டும். டிஜிட்டல் திரை உள்ள பல கார்களில் மெனுவிலேயே முடிந்துவிடும். பின்பக்க ஃபாக் லைட் வலப்பக்கத்திலோ நடுவிலோ இருக்க வேண்டும். ஒற்றை விளக்கு இடப்பக்கம் மட்டும் இருந்தால் மாற்ற வேண்டும், இரண்டு பக்கமும் இருந்தால் கவலை இல்லை. மூன்றாவதான ஹெட்லைட்டில்தான் பணம் கரைகிறது. தாழ்வொளி நேர்க்கோடாக விழுவதில்லை. சாலை ஓரத்தையும் அங்கே நடப்பவரையும் காட்டுவதற்காக ஒரு பக்கம் சற்று மேலேறி விழும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டின் விளக்கு வலப்பக்கம் மேலேறும். பிரிட்டனில் அதே ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். காருக்கு முன்னால் குனிந்து விளக்குக் கண்ணாடியைப் பாருங்கள். வட்டத்துக்குள் இருக்கும் பெரிய 'E' எழுத்தின் அருகே அம்புக்குறி இல்லை என்றால் வலப்பக்கச் சாலைக்கான விளக்கு. பார்க்கிறவரின் வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால் இடப்பக்கச் சாலைக்கானது. இரண்டு முனையிலும் அம்பு இருந்தால் இரண்டுக்கும் பொருந்தும், பெருஞ்செலவு மிச்சம். கோடைப் பயணத்துக்கு ஒட்டும் ஸ்டிக்கரை நம்பி அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம். எல்இடி ஹெட்லைட் ஜோடியின் விலையோ பழைய காரின் மதிப்பில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

ஜெர்மனியில் டூஃப் சோதனை பாஸ் செய்த காருக்கு மறுபடி என்ன அங்கீகாரம் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. டூஃப் பார்ப்பது கார் தேயாமல் பழுதில்லாமல் இருக்கிறதா என்பதை. அதற்கு ஈடானது பிரிட்டனின் எம்ஓடி. எதிர்ப்பக்கம் ஓட்டும் சாலைக்கு இந்தக் கார் பொருந்துமா என்று பார்க்கும் வேலை டூஃபுக்கு இல்லை. இன்னொரு வாதம், பத்து வயது தாண்டிய காருக்கு அங்கீகாரமே வேண்டாமே என்பது. அங்கீகாரம் வேண்டாம் என்பது சரி. எம்ஓடி, வரி, பதிவு ஆகியவை அப்படியே இருக்கின்றன, எம்ஓடியிலும் ஹெட்லைட் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார்கள். அந்தச் சலுகையை நம்பிப் பழைய காரை வாங்கிக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வரி விஷயத்தில் முன்யோசனை இன்னும் முக்கியம். கார் வந்த 14 நாட்களுக்குள் எச்எம்ஆர்சி என்னும் வரித்துறைக்கு நோவா என்னும் வாகன வருகை அறிவிப்பு முறையில் தெரிவிக்க வேண்டும். அது முடியாமல் டிவிஎல்ஏ என்னும் வாகனப் பதிவுத்துறை காரைப் பதிவு செய்யாது. சாதாரணமாக 20 சதவீத வாட் உண்டு, அதற்கு மேல் காரின் பூர்வீகத்தைப் பொறுத்து 10 சதவீதச் சுங்கமும் வரலாம். குடிபெயர்பவருக்கு இவற்றிலிருந்து விலக்குக் கேட்க வழி இருக்கிறது. பிரிட்டனுக்கு வெளியே குறைந்தது 12 மாதம் வாழ்ந்திருக்க வேண்டும், காரை ஆறு மாதமாவது சொந்தமாக வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும், கொண்டுவந்த பின் 12 மாதம் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. புறப்படுவதற்கு முந்தின மாதம் மலிவாக வாங்கிய கார் இதில் தேறாது என்பதைக் கவனியுங்கள். வீட்டு ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, காரின் பழைய பதிவுப் பத்திரம் எல்லாவற்றையும் வீட்டைக் காலி செய்வதற்கு முன் நகலெடுத்து வையுங்கள். வி55/5 படிவத்தோடு அசல் பத்திரத்தை டிவிஎல்ஏவுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். நம்பர் பிளேட் வருமுன் சேசிஸ் நம்பரை வைத்தே இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். எல்லாக் கம்பனிகளும் இதற்கு இசைவதில்லை, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஒரு ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டால் போச்சு என்பார்கள். படிவம் நிரப்புவதிலும் வரிசை தவறாமல் நகர்த்துவதிலும் நல்ல ஏஜெண்ட் உதவுவார், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இல்லாத ஆறு மாத உரிமையையும் காரில் இல்லாத 'e' தகட்டையும் அவரால் உண்டாக்க முடியாது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், புதிதாகவும் நல்ல நிலையிலும் உள்ள, வரிவிலக்குக்குத் தகுதியான, ஹெட்லைட் மலிவாக முடியும் காரைக் கொண்டுபோவது லாபம். மற்றதை அங்கேயே விற்றுவிட்டு வருவது மேல். பிரிட்டனில் வலப்பக்க ஸ்டியரிங்தான் ஓட்டவும் வசதி, பிறகு விற்கவும் வசதி. கப்பலுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், உங்கள் காரின் பிரிட்டிஷ் ஹெட்லைட் ஜோடி என்ன விலை என்று ஒரு கராஜில் சேசிஸ் நம்பரைக் கொடுத்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.