நர்சம்மாவாகப் போகிற தங்கச்சிக்கு

ஆஸ்பத்திரி வார்டில் தலைக்கு மேலே எப்போதும் ஒரு ஆள் இருக்கும். துணை சுகாதார நிலையத்தில் அப்படியில்லை. சமவெளியில் 5,000 பேருக்கு, மலையில் 3,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது கணக்கு. அங்கே உன் கையைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் ரிஜிஸ்டரும் ஊர் வாயும்தான்.

1. ரிஜிஸ்டரில் வரிசையாக 110/70 இறங்கியிருந்தால் யாரும் பிரஷர் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆய்வுக் கூட்டத்தில் காலிக் கட்டத்துக்குத்தான் கேள்வி வரும், நிரம்பிய கட்டத்தை யாரும் கேட்பதில்லை. பொய் எழுத வைப்பது முக்கால்வாசி இந்தப் பயம்தான், சோம்பல் கால்வாசி. நாளெல்லாம் அலைந்துவிட்டு ராத்திரி பிக்மி இணையதளத்தில் ஏற்றுகிற அலுப்பும் தெரியும். இருந்தாலும் பார்க்காததைக் காலியாக விடு, திட்டு வாங்கிக்கொள். 140/90 உள்ள கர்ப்பிணி ஒருத்தி அந்த 110/70-க்குள் ஒளிந்திருந்தால் ஜன்னி வரும்போதுதான் தெரியும்.

2. கர்ப்பிணி வீட்டு வாசலில் நின்று கேட்டால் மாமியார்தான் பதில் சொல்வார்: "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறா." எடை பார்க்கணும் என்று மருமகளை உள்ளே கூட்டிப் போ. இரும்புச்சத்து மாத்திரை அட்டையை எண்ணு. மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேள். சாப்பிடுகிறவள் உடனே தலையாட்டுவாள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே என்றால் அட்டையோடு மல்லுக்கட்டாதே, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

3. ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த திண்ணையில் இறக்காதே. கல்யாணமாகாத பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனது ஒருமுறை கசிந்தால், தெருவே கதவைச் சாத்தும்.

4. எந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறாய் என்பதை ஊர் கவனிக்கும். எல்லாத் தெருவிலும் குடி.

5. புதன்கிழமை தடுப்பூசி நாளில், தட்டம்மை-ரூபெல்லா மருந்தைக் கலக்கியதும் குப்பியில் மணி எழுது. 4 மணி நேரத்துக்குப் பிறகு அதைத் தொடாதே. ஒரே குழந்தை வந்தாலும் புதுக் குப்பியைத் திற. வேஸ்டேஜுக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். போட்டதும் அரைமணி நேரம் உட்கார வை. பென்டா தடுப்பூசிக்குக் காய்ச்சல் வரலாம் என்று முன்னாலேயே சொல். சொல்லாமல் விட்டால் அடுத்த புதனுக்குள் "நர்சம்மா ஊசி சரியில்லை" என்றாகிவிடும்.

6. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் வந்ததும் நூறு ரூபாயைக் கையில் திணிப்பார்கள். வாங்காதே. காபி கொடுத்தால் குடி.

7. கூட்டத்தில் சத்தம் போடுகிற மேலதிகாரிகள் நிறைய கிடைப்பார்கள். உன்னோடு வீட்டுக்கு வந்து நிற்கிற பகுதி சுகாதார செவிலியர் கிடைத்தால் விடாதே. எனக்கு அப்படி ஒரு அக்கா வாய்த்தார். பச்சைக் குழந்தையைத் தொடுமுன் அந்த வீட்டுச் சோப்பையே கேட்டு வாங்கி, பாட்டி பார்க்கும்படி முற்றத்தில் நின்று கை கழுவுவார். அடுத்த முறை போனபோது பாட்டி தானே சோப்பை எடுத்துவைத்திருந்தார்.