வேகமாகப் படித்தால் மதிப்பெண் கூடுமா?

நம்பிக்கை: எம்கேட் தேர்வின் வாசிப்புப் பிரிவில் ஜெயிக்க வேண்டுமானால், கண்ணை வேகமாக ஓட்டப் பழக வேண்டும்.

உண்மை: அமெரிக்காவிலும் கனடாவிலும் மருத்துவம் படிக்க எழுதும் எம்கேட்டில், ‘கார்ஸ்’ எனப்படும் இந்தப் பிரிவுக்கு 90 நிமிடம், 9 உரைப்பகுதிகள், 53 கேள்விகள். ஆக, ஒரு பகுதிக்கும் அதன் கேள்விகளுக்கும் சேர்த்து 10 நிமிடம் கிடைக்கிறது. ஒரு பகுதி பெரும்பாலும் 500 முதல் 600 சொற்கள். நிமிடத்துக்கு 200 சொல் என்று நிதானமாகப் படித்தாலும் 3 நிமிடத்தில் முடிந்துவிடும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் மிஞ்சுவது ஒன்றரை நிமிடம்தான். இழப்பதோ அதைவிடப் பெரிது. வேக வாசிப்பு பற்றிய ஆய்வுகளை 2016இல் அலசிய கீத் ரேனர் குழு, வேகம் கூடினால் புரிதல் குறைகிறது என்றே முடிவு சொன்னது. கார்ஸில் சோதிக்கப்படுவதே புரிதல்தான். தேர்வை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் கணக்கில், ஏறத்தாழ 30 சதவீதக் கேள்விகள் நேரடிப் பொருள் பற்றியவை. 30 சதவீதம் ஆசிரியரின் வாதத்தை எடைபோடச் சொல்பவை. 40 சதவீதம் அந்த வாதத்தைப் புதிய சூழலில் பொருத்திப் பார்க்கச் சொல்பவை. மேலோட்டமாகத் தாண்டிப்போன வாதத்தை எடைபோடுவது எப்படி?

“அப்படியானால் கடைசிப் பகுதிக்கு ஏன் நேரம் இருப்பதில்லை?” என்று கேட்கலாம். 10 நிமிடத்தில் 7 நிமிடம் கேள்விகளுக்குத்தான் போகிறது. அரைகுறையாகப் படித்தவர் ஒவ்வொரு கேள்விக்கும் உரைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. இரண்டு விடைகளுக்கு நடுவே திண்டாடுகிறார். நேரம் கரைவது அங்கேதான்.

தத்துவமும் கலை வரலாறும் தெரிந்தவருக்கே இது எளிது என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பேஸ்பால் அறிந்த மாணவர்கள், வாசிப்பில் பின்தங்கியிருந்தும், அந்த ஆட்டம் பற்றிய உரையை நன்றாகப் புரிந்துகொண்டதை ரெக்ட், லெஸ்லி இருவரின் 1988ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆனால் கலைப்புலத் துறைகளிலும் சமூக அறிவியலிலும் எங்கிருந்து வேண்டுமானாலும் பகுதி வரலாம். எல்லாவற்றையும் முன்கூட்டிப் படித்துத் தீராது. வெளியறிவு தேவையில்லை என்று சங்கமே சொல்கிறது. தெரிந்த துறை சில நேரம் காலையும் வாரிவிடும்: உலகில் சரியான, உரையில் இல்லாத விடை கவர்ச்சியாகத் தெரியும்.

எனவே வேகப் பயிற்சிக்குச் செலவிடும் நேரத்தைத் தவறிய விடைகளுக்குக் கொடுங்கள். நீங்கள் தேர்ந்த விடையை உரையின் எந்த வரி மறுக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதிப் பாருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை; தேர்வில் எந்தக் கேள்வியையும் வெறுமனே விட்டுவிடாதீர்கள்.